அந்த ஊர்க்காரர்கள் ஏன் போனார்கள்?

முதல் நாள் வகுப்புக்குச் சின்னவள் தாமதமாகத்தான் போனாள். டிராவல்ஸ் அலுவலகத்தில் கடைசியாக வந்த வாடிக்கையாளர் ஜன்னலோர இருக்கைதான் வேண்டும் என்று அடம்பிடித்ததில் நேரமாகிவிட்டது. மருந்துக்கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருந்தது அந்த ஆங்கில வகுப்பு. மூச்சு வாங்கப் படியேறிக் கதவைத் திறந்தவள், காலை உள்ளே வைக்காமல் அப்படியே நின்றுவிட்டாள். இரண்டாவது பெஞ்சில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பெரியவள் உட்கார்ந்திருந்தாள்.

பெரியவள் என்றால் அவளுடைய ஓரகத்தி, கணவனின் அண்ணன் மனைவி. இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒன்பது வருஷம் இருந்தவர்கள். அதற்குப் பிறகு ஆறு வருஷமாகப் பேச்சில்லை. ஏதாவது கல்யாணத்தில் எதிரெதிரே வந்துவிட்டால், ஒருத்தி நெற்றியை ஒருத்தி பார்த்துச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இதில் கணவன்மார் சேர்த்தி இல்லை. அண்ணனும் தம்பியும் சனிக்கிழமை தவறாமல் ஒரே டீக்கடையில் உட்கார்ந்து பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். வீட்டில் கேட்டால், "வழியில பார்த்தேன்" என்பார்கள்.

"கம், கம். சிட்" என்றார் சார்.

காலியாக இருந்த ஒரே இடம் பெரியவளுக்குப் பக்கத்தில். சின்னவள் பெஞ்சின் நுனியில், பாதி உடம்பு வெளியே இருக்கும்படி உட்கார்ந்தாள்.

சாருக்கு முப்பது வயதுகூட இருக்காது. எதைச் சொன்னாலும் கூடவே "ரிப்பீட்" என்பார். அதனால் ஒரு வாரத்துக்குள் அவருக்கு ரிப்பீட் சார் என்று பெயராகிவிட்டது. முதல் நாளே அவர் ஒரு சட்டத்தை அறிவித்தார். "பக்கத்துல யார் இருக்காங்களோ அவங்கதான் உங்க பார்ட்னர். கோர்ஸ் முடியற வரைக்கும் மாத்த மாட்டேன். பரீட்சையும் ஜோடியாத்தான் பேசணும்."

சின்னவளுக்கு எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. ஆனால் அலுவலகத்தில் வெளிநாட்டுப் பயணிகள் வரத் தொடங்கியிருந்தார்கள். ஆங்கிலம் பேசத் தெரிந்தவர்தான் இனிமேல் முன் கவுண்டரில் என்று முதலாளி சொல்லிவிட்டார். பெரியவளுக்கும் வேறு வழியில்லை. ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்பு, போர்வை எல்லாம் வைக்கிற அறைக்குப் பொறுப்பாக இருந்தவள் அவள். வெளிநாட்டில் இருந்த மகளுக்குத் தலைப்பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. பெரியவள் தனியாகப் போக வேண்டும், பாதி வழியில் ஒரு விமானத்தைவிட்டு இறங்கி இன்னொன்றில் ஏற வேண்டும். அங்கே யாரிடம் எதை எப்படிக் கேட்பது என்று அவளுக்குத் தெரியாது.

முதல் பயிற்சி, பக்கத்தில் இருப்பவரின் பெயர், வேலை, குடும்பம் எல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்வது. சுற்றிலும் எல்லாரும் பேச ஆரம்பித்தார்கள். இவர்கள் பெஞ்ச் மட்டும் ஊமையாக இருந்தது. சார் இவர்கள் பக்கம் வருவதைப் பார்த்துச் சின்னவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"வாட் இஸ் யுவர் நேம்?"

ஆறு வருஷத்தில் பெரியவளிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது. பெரியவள் முகத்தை நேராக வைத்துக்கொண்டு, ரேஷன் கடையில் சொல்வதுபோலத் தன் பெயரைச் சொன்னாள். பிறகு அவள் முறை.

"டூ யூ ஹாவ் சில்ரன்?"

"எஸ். ஒன் சன்."

பயிற்சியில் கேள்வி அவ்வளவுதான். பெரியவள் புத்தகத்தையே பார்த்துக்கொண்டு, அதில் இல்லாத ஒன்றைக் கேட்டாள். "ஹவ் டால்?"

சின்னவள் உட்கார்ந்தபடியே கையைத் தன் காதுக்கு நேராக உயர்த்திக் காட்டினாள். அந்த வீட்டைவிட்டு வந்தபோது அவனுக்கு நாலு வயது. பெரியவள் அந்தக் கை இருந்த உயரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "குட்" என்றாள்.

அடுத்தடுத்த வகுப்புகளில் சின்னவளுக்கு ஒன்று விளங்கியது. இத்தனை நாள் தமிழில் பேச முடியாமல் போனதற்குக் காரணம், முதல் வார்த்தையே தொண்டையில் மாட்டிக்கொண்டதுதான். அக்கா என்று கூப்பிட்டால் தான் இறங்கிப் போனதாகிவிடும். முறை சொல்லாமல் மொட்டையாகப் பேச்சை எடுத்தால் திமிர் என்றாகிவிடும். பெரியவளுக்கும் அதே கதைதான். நீ என்றால் பழைய உரிமையைக் கொண்டாடுவதுபோல இருக்கும், நீங்க என்றால் குத்திக் காட்டுவதுபோல இருக்கும். ஆங்கிலத்தில் அந்த வம்பே இல்லை. யாராக இருந்தாலும் யூதான். அந்த ஒரு எழுத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் தட்டுத் தடுமாறி நடந்தார்கள்.

பயணப் பாடம் வந்தபோது சின்னவள் விமான நிலைய அதிகாரியாக நடித்தாள். பெரியவள் பயணி. "வொய் ஆர் யூ டிராவலிங்?" என்று விறைப்பாகக் கேட்டதற்கு, பெரியவள் பயந்துபோய், "ஐ ஆம் நாட் திருடன்" என்று சொல்லிவிட்டாள். பின் பெஞ்சில் இருந்த எலெக்ட்ரீஷியன் மேஜையைத் தட்டிச் சிரித்தான். சின்னவளும் சிரிக்கப் பார்த்தாள், சமாளித்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். அன்று வகுப்பு முடிந்த பிறகும் அந்த ஒரு பதிலைப் பெரியவள் சரியாகச் சொல்லும்வரை அவளை விடவில்லை.

அதற்கடுத்த பாடம் இசையும் உடல்நலமும். பாட்டுக் கேட்டால் நோயாளிகளின் மனம் லேசாகிறது என்று ஒரு பக்கம் படித்தார்கள். எந்த இசை கேட்டால் உங்களுக்கு நன்றாக இருக்கிறது என்று சார் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார்.

"ரிப்பேர் பண்ண மோட்டார் மறுபடி ஓடற சத்தம் சார்" என்றான் எலெக்ட்ரீஷியன்.

பெரியவள் எழுந்து நின்றாள். "மை... மை..." என்று இழுத்துவிட்டு, "சார், ஓரகத்திக்கு இங்கிலீஷ்ல என்ன?" என்று கேட்டாள்.

"சிஸ்டர் இன் லா."

"நாத்தனாருக்கு?"

"அதுவும் சிஸ்டர் இன் லாதான்."

"அண்ணிக்கு?"

"அதுவும் அதேதான் மேடம்."

"எல்லாருக்கும் ஒரே பேர்னா, யாரோட சண்டைன்னு எப்படி சார் வீட்ல சொல்றது?" என்றான் எலெக்ட்ரீஷியன்.

சிரிப்பு அடங்கும்வரை பெரியவள் காத்திருந்தாள். பிறகு ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தாள். "மை சிஸ்டர் இன் லா சிங்க்ஸ். வாஷிங் கிளோத்ஸ், சிங்க்ஸ். வெரி லவுட். ஐ ஸே, ஸ்டாப், ஸ்டாப். நவ் நோ சவுண்ட் இன் ஹவுஸ்."

"சாங்" என்று திருத்தினார் சார். "பழசைத்தானே சொல்றீங்க? ஷி சாங். ரிப்பீட்."

"ஷி சாங்" என்றாள் பெரியவள்.

சின்னவள் குனிந்து, விழாத பேனா மூடியைப் பெஞ்சுக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தாள்.

அன்று வீட்டில் கணவனிடம் இதைச் சொன்னாள். அவன் செய்தித்தாளைவிட்டுத் தலையைத் தூக்காமலே, "நீ அங்கேருந்து கிளம்பி வந்ததுக்கப்புறம் வீடே மூச்சு விடாம கிடக்குன்னு அண்ணன் அப்பவே சொன்னான்" என்றான்.

"எப்போ சொன்னாரு?"

"அது... வழியில பார்த்தேன்."

"உங்க ரெண்டு பேருக்கும் அந்த வழி எங்கதான் இருக்கோ" என்றாள் அவள். கோபப்பட வேண்டும் என்றுதான் நினைத்தாள், வரவில்லை.

பழங்கால வரலாறு கடைசிக்கு முந்தைய பாடம். புத்தகத்தில் ஒரு பழைய நகரத்தின் படம் இருந்தது. நேர்நேரான தெருக்கள், செங்கல் சுவர்கள், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கிணறு. நன்றாக வாழ்ந்துகொண்டிருந்த அந்த ஊர்க்காரர்கள் ஒரு கட்டத்தில் எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள், காரணம் யாருக்கும் தெரியாது என்று பாடம் முடிந்தது. சார் பலகையில் கேள்வியை எழுதினார். அந்த ஊர்க்காரர்கள் ஏன் போனார்கள்? ஜோடி ஜோடியாகப் பேசுங்கள், தமிழ் கூடாது.

"மேபி நோ வாட்டர்" என்று தொடங்கினாள் பெரியவள்.

"வாட்டர் வாஸ் தேர்" என்றாள் சின்னவள். "எவ்ரி ஹவுஸ், வெல்."

"மேபி எனிமி கேம்."

"நோ எனிமி."

"தென் வொய் தே வென்ட்?"

சின்னவள் படத்தைப் பார்த்தாள். கூரையில்லாத அறைகள், வாசல் தெரிகிற சுவர்கள். அவள் குரல் தணிந்தது. "ஒன் உமன் ஸெட், மை ஹவுஸ்."

பெரியவளுக்குப் புரியவில்லை. "ஹூ?"

"யூ. கிச்சன்ல... இன் கிச்சன். ஐ கிளீன்ட் ஷெல்ஃப். ஆல் பாக்ஸ், நீட்லி ஐ கெப்ட். ஐ தாட், யூ வில் பி ஹாப்பி. யூ கேம் ஃப்ரம் ஹாஸ்பிடல். யூ ஸெட், டோன்ட் டச் எனிதிங் இன் மை ஹவுஸ்."

"ஐ நாட் ஸெட்."

"யூ ஸெட்."

"நோ! யூ வென்ட் ஃபார் ஆபீஸ். ஆபீஸ் நியர் ஹவுஸ். யுவர் ஹஸ்பண்ட் டோல்ட்!"

"தட் இஸ்... தட் இஸ்..." பொய் என்பதற்கு என்ன வார்த்தை என்று அந்த நேரம் பார்த்து வரவில்லை. "நைன் இயர்ஸ். நைன் இயர்ஸ் ஐ..." அவ்வளவுதான், கையிருப்பில் இருந்த ஆங்கிலம் தீர்ந்துபோயிற்று. "ஒன்பது வருஷம்க்கா! ஒன்பது வருஷமா அது என் வீடுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்க்கா நான்! ஒரே வார்த்தையில யாரோ வீடாக்கிட்டீங்களே!"

வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "இங்கிலீஷ் ப்ளீஸ்" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டுச் சார் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"விடுங்க சார்" என்றான் எலெக்ட்ரீஷியன் மெதுவாக. "அவங்க பாடத்தைத்தான் பேசறாங்க."

பெரியவள் எழுந்து, யாரையும் பார்க்காமல் வெளியே போனாள். அக்கா என்ற வார்த்தை தன் வாயிலிருந்து வந்துவிட்டதைச் சின்னவள் அப்போதுதான் உணர்ந்தாள். சற்று நேரம் உட்கார்ந்து பார்த்தாள், முடியவில்லை. எழுந்து பின்னாலேயே போனாள்.

பெரியவள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். கீழே மருந்துக்கடையில் யாரோ இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். சின்னவள் இரண்டு படி மேலே சுவரோடு ஒட்டி நின்றாள்.

"யோசிச்சு யோசிச்சுப் பார்க்கறேன்" என்றாள் பெரியவள், திரும்பாமலே. "அப்படிச் சொன்னதா எனக்கு ஞாபகமே இல்ல. சத்தியமா இல்ல. ஆனா நீ இல்லாததைச் சொல்ற ஆள் கிடையாது. அப்போ சொல்லித்தான் இருப்பேன்."

பெரியவள் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே மேலே பேசினாள்.

"அந்த நாள்ல வேலை முடிஞ்சு வந்தா எனக்கு மனுஷ முகத்தையே பார்க்கப் பிடிக்காது. அறுபது கட்டில் துணி. ரத்தக் கறை, வாந்திக் கறை. எரிச்சல்ல யார்கிட்ட என்ன சொன்னேனோ, எனக்கே தெரியாது."

"அது எனக்குத் தெரியும்க்கா. தெரிஞ்சும் ஆறலை."

"சரி, ஆறலை. அதுக்காக ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? என்னக்கா இப்படிச் சொல்லிட்டீங்கன்னு கேட்டிருந்தா, நான் என்ன மரக்கட்டையா?" பெரியவள் இப்போது திரும்பினாள். அவள் கண்ணில் தண்ணீரும் கோபமும் சேர்ந்தே இருந்தன. "ஆபீஸ் கிட்டன்னு உன் புருஷன் சொன்னான். என்னோட இருந்து சலிச்சுப்போச்சு போலிருக்குன்னு நினைச்சுக்கிட்டேன். என் பொண்ணு ஒரு மாசம் சித்தி எங்க, சித்தி எங்கன்னு அழுதா. அவளுக்கு நான் என்னன்னு சொல்வேன்? உனக்கும் ரொம்பத்தான்டி பிடிவாதம்."

"ஆமா, ரொம்பத்தான்" என்றாள் சின்னவள். இறங்கி வந்து அதே படியில் உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் பெரியவளின் கைப்பை இருந்தது. "அவ எனக்கு ரெண்டு தடவை போன் பண்ணினா. நான் எடுக்கலை. எடுத்தா அழுதுடுவேன்னு எடுக்கலை."

பெரியவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இப்போ பண்ணு. எடுப்பா. வயித்தைத் தூக்கிக்கிட்டு நடக்க முடியலைன்னு ஒரே புலம்பல்."

கதவு திறந்தது. சார் சங்கடத்தோடு எட்டிப் பார்த்தார். "மேடம், பரீட்சைக்கு வேணும்னா ஜோடியை மாத்தித் தரட்டுமா?"

"வேண்டாம் சார்" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. சின்னவள் அந்த வீட்டுக்குப் போக மேலும் மூன்று வாரம் ஆயிற்று. போன அன்றும், தண்ணீர் வேண்டும் என்றால் தானே எடுத்துக் குடிக்காமல் கேட்டு வாங்கிக் குடித்தாள். பெரியவள் அதைக் கவனித்தாள். மகன்தான் முதல் நாளே பெரியம்மா கட்டிலில் குறுக்கே விழுந்து தூங்கிவிட்டான். அண்ணன் தம்பி இருவருக்கும்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றானதும், பேச விஷயமே இல்லாமல் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பரீட்சையில் இரண்டு பேரும் தேறினார்கள். பெரியவளுக்கு நாலு மதிப்பெண் அதிகம். சின்னவள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

டிக்கெட்டைச் சின்னவள்தான் போட்டாள். இடையில் இறங்கி ஏற நாலு மணி நேரம் இருக்கிற மாதிரி பார்த்து எடுத்தாள். அக்கா ஓட வேண்டியிருக்கக் கூடாது.

பெரியவள் கிளம்பிய மறுநாள் முன் கவுண்டரில் ஒரு கணவன் மனைவிக்கு விமானங்களைக் காட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"ஏய், நான் உட்கார்ந்திருந்த இடத்துல ஒருத்தரையும் காணோம்டி. எல்லாரும் எழுந்து எங்கேயோ போய்ட்டாங்க."

"கேட்டை மாத்தியிருப்பாங்கக்கா. பயப்படாதீங்க. அங்க யூனிஃபார்ம் போட்டவங்க யாராவது இருக்காங்களா?"

"ஒரு அம்மா இருக்காங்க."

"அவங்களைக் கேளுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

அவ்வளவு தூரத்திலிருந்து பெரியவளின் குரல் கேட்டது. "எக்ஸ்கியூஸ் மீ மேடம். மை ஃப்ளைட், வேர் இஸ் த கேட்?" ஒரு பெண் குரல் நிதானமாகப் பதில் சொன்னது. பெரியவள் அதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தாள். சின்னவள் மூச்சு விட்டாள். ஆனால் பேச்சு நிற்கவில்லை. "மை டாட்டர். ஃபர்ஸ்ட் பேபி. யூ ஹாவ் சில்ரன்?" என்று கேட்டது.

"அக்கா! கதையெல்லாம் அப்புறம்! முதல்ல கேட்டுக்குப் போங்க!" என்று சின்னவள் கத்தினாள். எதிரே இருந்த கணவன் மனைவி திகைத்துப் பார்த்தார்கள்.

"இருடி, அவங்களுக்கு ரெண்டு பேத்தியாம்" என்றாள் பெரியவள். போன் கட்டாகிவிட்டது.

சின்னவள் அந்த விமானத்தின் நேரத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து வைத்துக்கொண்டாள். வாடிக்கையாளர்களிடம் பேசினாள், கண் மட்டும் திரையின் ஓரத்திலேயே இருந்தது. விமானம் புறப்பட்டுவிட்டது என்று வந்தபோதும், அக்கா உள்ளே இருக்கிறாளா வெளியே நின்று பேசிக்கொண்டிருக்கிறாளா என்று தெரியவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. சாயங்காலம் பெரியவளின் மகளிடமிருந்து போன் வந்தது.

"சித்தி, அம்மா வந்து சேர்ந்துட்டாங்க. நல்லாத் தூங்கறாங்க. எழுந்ததும் உங்களுக்குத்தான் முதல்ல போன் பண்ணணும்னு சொல்லிட்டுப் படுத்தாங்க."

"தூங்கட்டும். எழுப்பாதே" என்றாள் சின்னவள். "நீ பேசு. கால் வீக்கம் குறைஞ்சுதா?"