வரப்போர மண்

எங்கள் வட்டாரத்தில், நிலத்துக்குள் பாயும் நுண்ணலையை மண் திருப்பித் தராவிட்டால், நிலத்துக்காரரின் உடம்பு காலிலிருந்து மறையத் தொடங்கும். நுண்ணலை தினமும் வானத்திலிருந்து வருகிறது. அதை நிறுத்த முடியாது, மண்ணைத்தான் சரிசெய்ய வேண்டும். சில மண்ணுக்குச் சுண்ணாம்பு, சில மண்ணுக்கு ஜிப்சம். எவ்வளவு கலக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்வது மண் பரிசோதனை நிலையத்தில் என் வேலை.

சிந்தாமணி மண்பையோடு வந்தபோது அவள் கணவர் நாச்சிமுத்து மார்புவரை மறைந்திருந்தார்.

"நேத்து இடுப்புங்க சார். இப்ப ஊட்டுற சோறு எங்க போகுதுன்னே தெரியலீங்க. கழுத்துக்கு மேல போறதுக்குள்ள மீட்டுக் குடுங்க" என்று அழுதாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. வரிசையில் நின்றவர்களைக் காக்க வைத்துவிட்டு, அவள் மண்ணைக் காயவைத்துச் சலித்து அலையைப் பாய்ச்சினேன். சிட்டிகை சிட்டிகையாக ஜிப்சம் கலந்தேன். ஒரு கட்டத்தில் அலை முழுதாகத் திரும்பியது. கூடவே மண்ணுக்குள்ளிருந்து ஓர் இருமலும் வந்தது. வயலுக்கு எவ்வளவு போட வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

ஆள் முழுசாக வந்துவிட்டார் என்று சேதி வந்தது. பார்க்கப் போனேன். நாச்சிமுத்து கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கால், கை, மீசை எல்லாம் அவருடையவைதான்.

"மரகதம், தண்ணி கொண்டா" என்றார்.

குரல் பக்கத்து வயல் காரியப்பனுடையது. மரகதம் காரியப்பனின் மனைவி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏம்மா, மண்ணை எங்கே எடுத்தே?"

"வரப்போரமாத்தானுங்க. நடு வயல்ல கால் வெக்கப் பயமா இருந்துச்சு."

வரப்பு மண்ணை எடுக்காதீர்கள் என்று தொண்டை கிழியக் கத்துகிறேன், யார் கேட்கிறார்கள்! வரப்பு இரண்டு வயலுக்கும் பொது. அந்த மண்ணுக்குப் பார்த்த அளவைப் போட்டால் இரண்டு வீட்டு ஆளும் கலந்துதான் வருவார்கள். போட்ட ஜிப்சத்தைத் திரும்ப எடுக்கவும் முடியாது.

அதற்குள் மரகதம் வந்து வேலியோரம் நின்றாள். அவள் வீட்டில் காரியப்பன் வாயைத் திறந்தால் சத்தம் வருவதில்லையாம்.

சிந்தாமணி நாச்சிமுத்துவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "மாமா, என் பேரை ஒருக்காச் சொல்லுங்க."

அவர் அவளைப் பாசமாகத்தான் பார்த்தார். "மரகதம்" என்றார்.

அவள் முகத்திலிருந்து கையை எடுத்தாள். பிறகு, "இதா வந்துட்டேனுங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் எடுக்க உள்ளே போனாள்.

வேலியோரம் நின்றவள் தலையை ஆட்டிக்கொண்டாள். இருந்த பெயர் போய்விட்டது, சந்தை கலைவதற்குள் தனக்கு வேறு ஒரு பெயர் பார்த்து வாங்க வேண்டும் என்று பஸ் ஏறினாள். நிலையத்துக்குத் திரும்ப எனக்கும் அதே பஸ்தான்.