பரக்கத் அலி இழுத்த வயர்

பிலோமின்ராஜ் பரக்கத் அலிக்குத் தர வேண்டியது அறுபத்தெட்டாயிரத்து நானூறு ரூபாய். இல்லையென்று அவரும் சொல்லவில்லை. "ஆஸ்பத்திரியில எனக்குக் குடுத்தா, மறு நிமிஷம் உங்களுக்கு பாய்" என்பார். ஆஸ்பத்திரியில் கேட்டால், "லைன் பேசட்டும், அப்புறம் பணம்" என்றார்கள். லைன் பேசவில்லை.

தில்லை நகரில் புதிதாக எழும்பிய அந்த ஆஸ்பத்திரிக்கு பிலோமின்ராஜ்தான் எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்டர். ஆள் கூட்டிப் போய் வயர் இழுத்துக் கொடுத்தவர் பரக்கத் அலி. துபாயில் பல வருஷம் இதே வேலை பார்த்து, முட்டி தேய்ந்துபோய் பாலக்கரைக்குத் திரும்பியவர். லைட்டுக்கு வயர், ஏ.சி.க்கு வயர் என்றால் யாருக்கும் புரியும். இது வேறு. ஒல்லியான, முறுக்கிய இரட்டை வயர். அதில் ஓடுவது பேச்சு. ஒவ்வொரு ரூம் சுவரிலும் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். ரூமில் சூடு எவ்வளவு, ஏ.சி.யைக் கூட்டணுமா குறைக்கணுமா என்று அந்தப் பெட்டிகள் கீழே உள்ள கம்ப்யூட்டருக்குச் சொல்லும். ஒரு மாடிக்கு ஒரு வயர். அந்த மாடிப் பெட்டி எல்லாம் அதில்தான் வரிசையாக மாட்டியிருக்கும்.

இந்த ஏற்பாட்டை எழுதிக் கொடுத்தது லின்சி என்ற இன்ஜினியர் பெண். எந்தக் கம்பெனிப் பெட்டியை மாட்டினாலும் பக்கத்துப் பெட்டியோடு பேச வேண்டும், அது பேசும் பாஷை எல்லாருக்கும் பொதுவாக இருக்க வேண்டும், ஒரு கம்பெனி பூட்டி வைத்துக்கொண்ட பாஷை ஆகாது என்று டெண்டரிலேயே நிபந்தனை போட்டிருந்தார். ஸ்ரீரங்கத்தில் இருக்கும் பழைய கிளையில் பட்ட பாடு அப்படி. அங்கே எல்லாம் ஒரே கம்பெனி. பெட்டி கெட்டால் அவர்களேதான் வர வேண்டும், அவர்கள் சொன்னதுதான் விலை. திடீரென்று அந்த மாடலையே நிறுத்திவிட்டார்கள். கத்திரி வெயிலில் ஆபரேஷன் தியேட்டர் ஏ.சி.யை ஒரு ஆள் நின்று கையாலேயே ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரி மேனேஜர் அற்புதம்மாள் அதை மறக்கவில்லை.

அதனால் புதுக் கட்டடத்தில் இரண்டு கம்பெனிப் பெட்டிகள். பெரும்பாலும் ஒரு கம்பெனியுடையது. இரண்டாம் மாடியில் பச்சைக் குழந்தைகளை வைக்கும் ரூமுக்கு மட்டும் வேறு கம்பெனியுடையது. அது சூட்டை நுணுக்கமாக அளக்குமாம்.

கீழ் மாடிகள் நன்றாகப் பேசின. இரண்டாம் மாடி ஊமையாகிவிட்டது. கம்ப்யூட்டரில் அந்த மாடி முழுக்கச் சிவப்பு.

பெரும்பாலான பெட்டிகளைக் கொடுத்த கம்பெனியின் ஆள் இளவரசன் வந்து பார்த்தான். "வயர் சரியில்ல மேடம். கூட அந்த வேத்து கம்பெனிப் பொட்டி வேற. ரெண்டையும் தூக்கிடலாம். எங்க வயர், எங்க பொட்டி, எங்க சாப்ட்வேர். கண்ண மூடிக்கிட்டு இருக்கலாம்" என்று அற்புதம்மாளிடம் சொன்னான்.

தூக்குவது என்றால் கூரைப் பலகையைப் பிரித்து, பரக்கத் அலி இழுத்த வயரை உருவிப் பழைய இரும்புக் கடையில் போடுவது. பழைய இரும்புக்குப் போன வயருக்கு யார் கூலி தருவார்கள்? கூட வேலை செய்தவர்களுக்கு அவர் கடன் வாங்கிக் கூலி கொடுத்தாகிவிட்டது. அன்று மத்தியானம் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்.

"சோறு என்னங்க பாவம் பண்ணுச்சு? இந்தக் குழப்பு குழப்புறீங்க" என்றாள் மனைவி ஜீனத்.

"என் வயர் கெட்டதுங்கறான் ஜீனத்."

"கெட்டதா?"

"நான் இழுத்தது கெட்டிருந்தா எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டாரே தவிர, உள்ளுக்குள் சந்தேகம்தான். கூரைக்குள் எங்கே மடங்கிக் கிடக்கிறதோ, எலி கடித்ததோ, யார் கண்டது?

வியாழக்கிழமை லின்சி ஒரு மடிக்கணினியோடு வந்தார். இரண்டாம் மாடி வராந்தாவில் அற்புதம்மாள், பிலோமின்ராஜ், இளவரசன், பரக்கத் அலி எல்லாரும் கூடினார்கள். "வயரை உருவறதுக்கு முன்னாடி ஒண்ணொண்ணா கழட்டிப் பாத்துடுவோம். பாய், கடைசிப் பொட்டியில இருந்து வாங்க" என்றார்.

பரக்கத் அலி ஒவ்வொரு ரூமாகப் போய்ப் பெட்டியை வயரிலிருந்து விடுவித்தார். மடிக்கணினியில் சிவப்பு, சிவப்பு, சிவப்பு. குழந்தைகள் ரூம் பெட்டியைக் கழற்றியதும் மிச்சமிருந்தவையெல்லாம் பச்சையாக உயிர் பெற்றன. ஏற்கெனவே கழற்றியவற்றை மறுபடி மாட்டினார்கள். அவையும் பச்சை.

"வயர் பிழைச்சுது" என்றார் பிலோமின்ராஜ்.

"இருங்க சார்" என்று இளவரசன் கையைத் தட்டினான். "நான் சொன்னேன்ல? அந்தப் பொட்டிதான் வில்லங்கம். கலப்புக் கடையே வேணாம் மேடம், மொத்தமா எங்களுதுக்கு மாத்திடுங்க. எங்க புது சிஸ்டத்துக்கு வயரும் எங்களுதுதான் சேரும்."

பரக்கத் அலி இளவரசன் பக்கம் திரும்பினார். வயர் நல்லது என்று தெரிந்த பிறகும் வயர் போகப்போகிறதா?

லின்சி மடிக்கணினிப் பக்கம் திரும்பினார். குழந்தைகள் ரூம் பெட்டியை மட்டும் வயரில் விட்டு மற்றதையெல்லாம் கழற்றச் சொன்னார். அது தனியாக அழகாகப் பேசியது. எல்லாவற்றையும் சேர்த்தால் மறுபடி ஊமை. பொதுப் பாஷை என்பதால் யாருடைய சாப்ட்வேரும் வேண்டியிருக்கவில்லை. வயரில் யார் என்ன பேசுகிறார்கள் என்பது அவர் மடிக்கணினியிலேயே ஓடியது. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"ஏழாம் நம்பர் ஒரு தடவை இந்தக் கம்பெனி பேரைச் சொல்லுது, இன்னொரு தடவை அந்தக் கம்பெனி பேரைச் சொல்லுது. பாய், பொட்டிக்கு நம்பர் எப்படி வச்சீங்க?"

"கதவுல இருக்கற நம்பரை வைக்கச் சொன்னாங்கம்மா."

"யாரு?"

பரக்கத் அலி இளவரசனைப் பார்த்தார். இளவரசன் கூரையைப் பார்த்தான்.

லின்சி விடுவிடுவென்று வராந்தாவில் நடந்தார். கதவுகளில் ஐந்து, ஆறு, ஏழு, ஏழு ஏ, ஒன்பது. ஏழு ஏ-தான் குழந்தைகள் ரூம்.

"எட்டு எங்கே மேடம்?"

"எட்டு வைக்கறதில்லம்மா" என்றார் அற்புதம்மாள். "எட்டாம் நம்பர்னா பேஷன்ட் படுக்க மாட்டேங்கறாங்க. அதான் ஏழு ஏ."

பெட்டிக்குள் நம்பர் வைக்கக் குட்டிக் குட்டி சுவிட்சுகள்தான் உண்டு. அதில் 'ஏ' கிடையாது. ஏழுக்கும் ஏழு, ஏழு ஏவுக்கும் ஏழு. கீழ் மாடிகளில் ஓ.பி.யும் லேபும்தான், கதவில் நம்பர் இல்லாததால் அங்கே வரிசையாக வைத்திருந்தார்கள். இங்கே ஏழு என்று கூப்பிட்டால் இரண்டு பெட்டியும் ஒரே நேரத்தில் வாய் திறக்க, லைன் முழுக்க இரைச்சல்.

பரக்கத் அலி தன் விரலைப் பார்த்துக்கொண்டார். இரண்டு பெட்டியிலும் சுவிட்சைத் தள்ளியது இதே விரல். "நான்தாம்மா வச்சேன்" என்றார் மெதுவாக.

"அவங்க சொன்னபடி நீங்க வச்சீங்க. நம்பர் எப்படிக் குடுக்கணும்னு டெண்டர்ல நான்தான் எழுதியிருக்கணும், எழுதல. அடுத்ததுல முதல் வரியே அதுதான். இப்ப அதுக்கு எட்டு வச்சுடுங்க பாய்."

"எட்டா!" அற்புதம்மாள் பதறினார். "பச்சைப் பிள்ளைங்க ரூம்மா அது."

"மேடம், அது பொட்டி. அதுக்குள்ள யாரும் படுக்கப் போறதில்ல."

"இருக்கட்டும். வேற நம்பரா இல்ல?"

"நம்பருக்கா பஞ்சம் மேடம், நாப்பது வைங்க" என்றான் இளவரசன். அவனே சிரித்துவிட்டான். 'மொத்தமா மாத்திடுங்க' என்ற பேச்சை அதற்குப் பிறகு அவன் எடுக்கவில்லை.

பரக்கத் அலி பேனா முனையால் சுவிட்சுகளை நாற்பதுக்குத் தள்ளி, மூடியைப் போட்டார். லின்சி மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். மேலிருந்து கீழ்வரை பச்சை, நெல் நாற்று மாதிரி. குழந்தைகள் ரூம் தன் சூட்டைச் சொல்லிக்கொண்டிருந்தது. பக்கத்து ரூம் தன்னுடையதைச் சொன்னது. இரண்டு கம்பெனி, ஒரே வயர்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று பரக்கத் அலி சுவரோரம் நின்ற ஏணியின் கீழ்ப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முட்டி வலிப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. யாரோ டீ நீட்டினார்கள். அதில் சர்க்கரை இருந்ததா என்றுகூட அவருக்குத் தெரியவில்லை, ஆனால் இனித்தது.

அடுத்த வாரம் ஜும்மா தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்தபோது வாசலில் பிலோமின்ராஜின் ஸ்கூட்டர் நின்றது.

"பாய், போனைப் பாருங்க. அறுபத்தெட்டாயிரம் விழுந்திருக்கும்."

பார்த்தார். விழுந்திருந்தது. "நானூறு?"

"அட, சில்லறை. விட்டுடுங்க பாய்."

"சார், உங்க ஏணி லோடு ஆட்டோவுல வந்துச்சே, அந்த வாடகை. நான் குடுத்தது."

"இந்த மனுஷன்கிட்ட ஒரு ரூபா தப்பிக்க முடியாது" என்று உள்ளே பார்த்து ஜீனத்திடம் முறையிட்டுக்கொண்டே பிலோமின்ராஜ் பர்ஸைத் திறந்தார். பரக்கத் அலி நானூறையும் வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார்.

"சரியாப் போச்சு சார். நமக்குள்ள பாக்கி ஒண்ணுமில்ல. உள்ள வாங்க, சாப்பிடலாம்."