உன் பந்துடா மாப்ள

அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரத்தின் முன் நாள் முழுக்க நிற்பவருக்கு, ஞாயிற்றுக்கிழமை இறகுப்பந்து ஆடும் இடத்தில் மட்டும் 'புயல்' என்று பெயர். மனுஷன் அந்தப் பெயரிலேயே வாரத்தை ஓட்டிவிடுவார். அவருக்கு ஜோடி மனைவியின் தம்பி, கீழ்வீட்டில் குடியிருப்பவன்.

ஒரு ஞாயிறு, பின்னால் ஓடி அடிக்கப்போய்க் கணுக்கால் பிசகிவிட்டது. வீக்கம் வடிவதற்குள் தன் இடத்தில் வேறொருவர் ஆடுகிறார் என்ற செய்தி வந்தது. பொறுக்குமா?

"கால் கல்லு மாதிரி இருக்கு," என்று மட்டையோடு போய் நின்றார்.

உண்மையில் குதிகாலுக்கு மேலே நரம்பு விறைத்துப்போய், அடி எடுத்து வைத்தாலே சுரீரென்றது. அடுத்த போட்டியில் ஓடவே முடியவில்லை. தனக்கு எட்டாத பந்துக்கெல்லாம், "உன் பந்துடா மாப்ள! எங்க பராக்கு பாக்குற?" என்று கத்தினார். தோற்றார்கள்.

"தப்பு என் மேலதான். இன்னைக்கு எனக்குக் கையே ஓடல," என்றான் மைத்துனன், எல்லோர் முன்னாலும்.

புயல் தண்ணீர் பாட்டிலை வாயில் கவிழ்த்துக்கொண்டார்.

மறுநாள் காலை, கைப்பிடியைப் பற்றியபடி, தவழும் குழந்தை மாதிரி பின்பக்கமாகப் படி இறங்கினார். கீழே மைத்துனன் நின்றிருந்தான்.

"மெதுவா மாமா."

"இல்ல, சும்மா... தூக்கக் கலக்கம்."

"தினமும் இப்படித்தானே இறங்குறீங்க. கீழ்வீட்டுக்குக் கேக்காதா?"

"தெரிஞ்சுமா நேத்து பழிய ஏத்துக்கிட்ட?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு நினைச்சேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் அவர் சுவரைப் பார்த்தார்.

அன்றே பிசியோதெரபி செய்யும் ஒரு பெண்மணியிடம் போனார். "பிசகின கால் ஆறாம ஆடியிருக்கீங்க. நடை மாறி, பாரமெல்லாம் குதிகால் நரம்புல இறங்கிருச்சு. கெண்டைக்கால் பலமாகற வரைக்கும் ஆட்டத்தை மறந்துடுங்க," என்றார் அவர். இவர் தலையாட்டினார். அது சுலபமாக இருந்தது.

கஷ்டம் ஞாயிற்றுக்கிழமைதான். மட்டை இல்லாமல் போய், எல்லோரும் வந்து சேரும்வரை காத்திருந்தார்.

"போன வாரம் தோத்தது என்னாலதான். வலிய மறைச்சு ஆடினேன். பழிய இவன் தலையில போட்டேன்."

"அட விடுங்க புயலே," என்றார் ஒருவர். அந்தப் பெயரைக் கேட்டு இவருக்கு உடம்பே கூசியது.

மைத்துனன் வேறொருவரோடு ஜோடி சேர்ந்து ஆடினான். இவர் ஓரமாக உட்கார்ந்து பார்த்தார். எவ்வளவு ஓடுகிறான்! இத்தனை வருடம் பக்கத்திலேயே நின்று ஆடியும், அதை ஒரு நாளும் பார்த்ததில்லை.