குதிக்கச் சொன்ன ஏட்டய்யா

பேண்டேஜ் துணி நெய்கிற அந்தக் கூடத்தில் இருளப்பசாமி தன் நாலு தறிக்கு முன்னாலும் மடித்த சாக்கைப் போட்டு வைத்திருந்தான். நாளெல்லாம் நின்று அறுந்த இழையை முடிச்சுப் போடுகிற வேலை. வெறும் தரையில் நின்றால் உள்ளங்கால் தணலில் வைத்த மாதிரி காந்தும். "மாப்பிள்ளைக்கு ஜமுக்காளம் விரிச்சாச்சா?" என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேலி செய்வார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். முழு ஆளாகத் திரும்பி வந்தோமே, அது போதாதா என்றிருந்தது அவனுக்கு.

பக்கத்துக் கூடத்தில் ஒரு மோட்டார் களவு போனதற்கு அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஸ்டேஷனில் குப்புறப் படுக்கவைத்து உள்ளங்காலில் லத்தியால் அடித்தது ஏட்டு சமுத்திரம். அடித்து முடித்ததும் அதே சமுத்திரம்தான் அவனைக் கைத்தாங்கலாகத் தூக்கிப் பின்கட்டில் நடக்கவிட்டார். "குதிலே. குதிச்சாத்தான் ரத்தம் கட்டாது. நாளைக்கு நீ பொழைக்கணும்லா?" என்றார். தேங்காயெண்ணெய் கொடுத்துத் தேய்க்கச் சொன்னார். டீயும் வாங்கிக் கொடுத்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் மாஜிஸ்திரேட் "போலீஸ்ல அடிச்சாங்களா?" என்று கேட்டபோது இருளப்பசாமிக்கு அந்த டீதான் நினைவுக்கு வந்தது. "இல்லய்யா" என்று சொல்லிவிட்டான். பிறகு நிஜத் திருடன் அகப்பட்டான். இவனை விட்டுவிட்டார்கள்.

மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்டை நிறுத்தியதால் ஒருநாள் தறிக்கு லீவு. ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ப் பால்கோவா வாங்கி, ஏட்டய்யாவைப் பார்த்துக் கொடுத்துவிட்டு வருவதாகக் கிளம்பினான். பேண்டேஜ் சுருட்டிக்கொண்டிருந்த அவன் மனைவி பாண்டீஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள்.

"அடிச்ச மனுசனுக்கா பால்கோவா?"

"மேல உள்ளவிய சொன்னா அவரு என்ன செய்வாரு? அடிக்கிற கைதான் அணைக்கும்ட்டி."

"காலு வீங்கியிருந்தா கோர்ட்டுல தெரிஞ்சிருக்கும். அதுக்குத்தான் குதிக்க விட்டுருப்பாரு."

அவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அங்க கெடந்தது நானா, நீயா? அம்புட்டுப் பேருல என்னைய மனுசனா மதிச்சது அவரு ஒருத்தருதான். அதையும் பிடுங்காத."

அவள் குனிந்து மறுபடி பேண்டேஜைச் சுருட்டத் தொடங்கினாள். அந்த ஒரு முகம் இருப்பதால்தான் இவன் ராத்திரி கண்ணை மூடுகிறான் என்பது அவளுக்குத் தெரியும்.

ஸ்டேஷன் வாசலில் சமுத்திரம் அவனைப் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டார்.

"ஏலே இருளப்பா, காலு தேவலையா?"

"ஒங்க புண்ணியத்துல நிக்கேன்யா." பெட்டியை நீட்டும்போது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

சமுத்திரம் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "நல்ல நேரத்துல வந்த. பின்னால ஒரு ஆளு கெடக்காரு. நாங்க கிட்டப் போனாலே நடுங்குதாரு. நீ செத்த நேரம் நடக்க வையேன்."

ஏட்டய்யா கேட்டு இல்லையென்று சொல்ல முடியுமா? உடனே போனான். பின்கட்டுச் சுவரோரம் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். மகாராஜபுரத்தில் தென்னந்தோப்புக் காவல்காரராம். தோப்பில் பம்புசெட் வயர் களவு போயிருந்தது. அவர் பாதம் இரண்டும் கன்றிச் சிவந்திருந்தன. பார்த்ததும் இருளப்பசாமிக்குத் தன் காலே எரிந்தது. அவர் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினான்.

"மெள்ள ஊனுங்க பெரியவரே. மொதல்ல உசுரு போற மாதிரி இருக்கும். பொறவு சரியாயிரும்."

பெரியவர் முழுப் பாரத்தையும் அவன் தோளில் போட்டு நடந்தார். சமுத்திரம் படியில் வந்து நின்று பார்த்தார்.

"நல்லாக் குதிக்க விடுலே. சாயங்காலம் ஜட்ஜய்யா முன்னால நிறுத்தணும். வீங்கித் தெரிஞ்சா எனக்குத்தான் சீட்டுக் கிழியும்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இருளப்பசாமி அப்படியே நின்றுவிட்டான். அடி வாங்கிய அன்றுகூட அவனுக்கு இப்படி வலித்ததில்லை. ஓடிவிடலாம் போலிருந்தது. கையை எடுத்தால் பெரியவர் விழுந்துவிடுவார். அவர் காதருகே குனிந்தான்.

"பெரியவரே, ஜட்ஜு கேட்டா அடிச்சாகன்னு சொல்லிருங்க. காலக் காட்டுங்க."

பெரியவர் பதறிப்போய் அவன் முகத்தைப் பார்த்தார். சட்டை வேட்டியில் வந்த போலீஸ்காரர் என்றே அவனை நினைத்திருந்தார்.

"அப்படிச் சொல்வேனாய்யா? கைகொடுத்துத் தூக்கிவிட்ட ஒங்களுக்குல்லா கெடுதல் வரும். என் உசுரே போனாலும் சொல்ல மாட்டேன். நீங்க நல்லாருக்கணும்."

"நான் போலீசு இல்ல பெரியவரே."

"அதான்யா, போலீசு மாதிரியே இல்ல நீங்க" என்று கும்பிட்டவர், அவன் தோளிலிருந்து கையை எடுத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு, யாரும் சொல்லாமல் தானாகவே குதிக்க ஆரம்பித்தார்.