நூற்றிருபது கிலோ அதிகம்

கல்யாணமான வாரத்திலேயே கணவர் சொல்லிவிட்டார், வண்டி தயாரானதும் இருவருமாகப் பாலைவனத்தைக் கடந்துவிட்டு வரலாம் என்று. ஏழு வருடமாக வண்டி தயாராகிக்கொண்டே இருக்கிறது. இரும்பு பம்பர் வந்தது, மணலில் சிக்கினால் இழுத்து மீட்க வின்ச் வந்தது, கூரைமேல் கூடாரம் வந்தது, முதல் ஸ்டெப்னிக்குத் துணையாக இரண்டாவது ஸ்டெப்னி வந்தது. பின்சீட்டைக் கழற்றிவிட்டு அங்கே ஃப்ரிட்ஜைக் குடிவைத்தார். பாரம் தாங்காமல் வண்டி குந்திக்கொண்டதால் தெருவில் அதற்குப் 'பிள்ளைத்தாச்சி' என்று பெயர்.

அதைத் தூக்கி நிறுத்தத்தான் இன்று பட்டறைக்கு வந்திருந்தார்கள். அவள் ஆபீசில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு மாத லீவு வாங்கியிருந்தாள். மனதுக்குள் ஒரு முடிவும் எடுத்திருந்தாள். எனக்காக இந்த வண்டியிலிருந்து ஒரே ஒரு சாமானை இறக்கட்டும், கூடப் போகிறேன். இல்லையென்றால் இதோடு சரி, அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன்.

"நாலு இஞ்ச் தூக்கிடலாம்ணே," என்றார் கணவர்.

"உயரம் கிடக்கட்டும் சார். ஸ்பிரிங்கை எடை பார்த்துதான் போடணும். சாமானெல்லாம் ஏத்தி, தண்ணி ரொப்பி, ரெண்டு பேரும் உக்காந்து எடைமேடையில நிறுத்திட்டு வரச் சொன்னேனே?"

கணவர் எடைச் சீட்டை நீட்டினார். இரண்டாயிரத்து எண்ணூற்றிருபது. பட்டறைக்காரர் சீட்டையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, துக்க வீட்டுக்கு வந்தவர் போல நின்றார்.

"இந்த வண்டி தாங்குற எடை ரெண்டாயிரத்து எழுநூறு சார். நூத்தியிருபது கிலோ அதிகம்."

"அதுக்குத்தானே கெட்டி ஸ்பிரிங் கேக்குறேன்?"

"ஸ்பிரிங் தாங்கும். அச்சும் பிரேக்கும் பழசுதானே? நாலு இஞ்ச் தூக்கினா சரிவுல வண்டி கவுந்துடும். ரெண்டு இஞ்ச் போடலாம். அதுவும் நூத்தியிருபதை இறக்கினாத்தான் கை வைப்பேன். வின்ச்சை எடுத்துடலாமா?"

"மணல்ல மாட்டிக்கிட்டா?"

"ரெண்டாவது ஸ்டெப்னி?"

"முதல் ஸ்டெப்னி பஞ்சரானா?"

"கூடாரத்தை இறக்கிடுங்களேன்," என்றாள் அவள். "வண்டிக்குள்ளயே படுத்துக்கலாம்."

"உள்ள ஏது இடம்? ஃப்ரிட்ஜ் இருக்குல்ல."

"அப்ப ஃப்ரிட்ஜை இறக்குங்க."

பெற்ற பிள்ளைக்கு விலை கேட்டவளைப் பார்ப்பதுபோல் கணவர் பார்த்தார்.

"சரி, என்னை இறக்கிடுங்க. அம்பத்தெட்டு கிலோ."

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். கோபப்பட்டிருந்தாலும் பரவாயில்லை. அவர் பென்சிலை எடுத்தார்.

"அப்பவும் அறுபத்திரெண்டு நிக்குதே," என்றார், உண்மையான கவலையோடு.

பட்டறைக்காரர் தொண்டையைச் செருமினார். "சார், வீட்டுல போய் நிதானமா யோசிச்சு..."

"இருங்கண்ணே. இவ வரலைன்னா இவ குடிக்கிற தண்ணி முப்பது. சாப்பாட்டுச் சாமான் பதினொண்ணு. படுக்கை ஆறு, நாற்காலி நாலு. அம்பத்தொண்ணு ஆச்சா?" அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை இந்த ஏழு வருடத்தில் அவள் பார்த்ததில்லை. "இன்னும் பதினொண்ணுதான். ஆமா, உன் பை எவ்வளவு இருக்கும்?"

பையைக் காலையில் அவளே நிறுத்துப் பார்த்திருந்தாள், பத்து கிலோ. தன்னால் பாரம் ஏறிவிடக் கூடாதே என்று இரண்டு கம்பளி உடைகளை வெளியே எடுத்தும் வைத்திருந்தாள். பத்து என்று சொன்னால் ஒரு கிலோ இடிக்கும். இடித்தால் என்ன, அந்த ஒரு கிலோவையும் எப்படியாவது அவள் கணக்கிலிருந்தே எடுத்துவிடுவார்.

"பதினொண்ணு," என்றாள்.

"கச்சிதமா வந்துடுச்சுண்ணே. நீங்க சொன்ன மாதிரி ரெண்டு இஞ்சே போடுங்க."

பட்டறைக்காரர் அவள் முகத்தைப் பார்க்காமல் எழுதிக்கொண்டார்.

பை எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது. கணவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஸ்டெப்னியை இறக்கினார், ஃப்ரிட்ஜை இறக்கினார், தண்ணீர் கேன்களை ஒவ்வொன்றாக இறக்கி வரிசையாக வைத்தார். கை கொடுக்கலாமென்று அவள் பக்கத்தில் போனாள்.

"நீ அப்படி நிழல்ல நில்லு," என்றார். "உனக்கு எதுக்குச் சிரமம்."