கரண்ட் போனால் தண்ணீர் வரும்

வெள்ளிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு பெங்களூரு ஈஜிபுராவின் அந்தக் குறுக்குத் தெருவில் கரண்ட் போனது. மிக்ஸியில் பாதி அரைபட்ட தேங்காயோடு நின்ற தமயந்தி, திட்டுவதற்கு வாயெடுத்தாள். அதற்குள் பின்பக்கம் சளசளவென்று சத்தம். போய்ப் பார்த்தால், குடிவந்த மூன்று மாதமாக எப்போதாவது நூல் நூலாக மட்டும் ஒழுகிய காவேரிக் குழாய், கட்டைவிரல் தடிமனுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது.

"ஏங்க, ஓடியாங்க! தண்ணி!"

கவியரசன் பாதி முகத்தில் சவர நுரையோடு ஓடிவந்தான். குடம், வாளி, குக்கர், இட்லிப் பானை என்று கையில் கிடைத்ததையெல்லாம் இருவரும் நிரப்பினார்கள். ஆறு வயது மகள் அனுஷா தன் பங்குக்கு டிபன் டப்பாவை நீட்டினாள். இருபது நிமிடம் கழித்துக் கரண்ட் வந்தது. மிக்ஸி தானாக உறுமியது. குழாய் ஒரு விக்கல் விக்கிவிட்டு நின்றுபோனது.

"நம்ம அதிர்ஷ்டம்" என்றான் கவியரசன்.

தமயந்தி நின்றுபோன குழாயைத் திருகிப் பார்த்தாள். அவள் மருத்துவமனையில் டயாலிசிஸ் டெக்னீஷியன். நாள் முழுக்கக் குழாயோடும் அழுத்தத்தோடும்தான் பிழைப்பு. தண்ணீருக்கு ராசி, நட்சத்திரம் எதுவும் கிடையாது. அழுத்தம் கூடின இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் போகும். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். அப்படியிருக்க, கரண்ட் போனால் வருவதும் கரண்ட் வந்தால் நிற்பதும் எதனால்?

அந்தத் தெருவில் பதினொரு வீடுகள். மெயின் ரோட்டிலிருந்து ஒரே ஒரு குழாய் தெருவுக்குள் நுழைந்து, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கிளை விட்டுக்கொண்டே போய், பதினோராவது வீட்டில் முடிகிறது. அந்தப் பதினோராவது வீட்டில்தான் தமயந்தி குடியிருக்கிறாள். பந்தியின் கடைசி இலை மாதிரி. ஒருநாள் விட்டு ஒருநாள் காலை ஆறு மணிக்கு வாட்டர்மேன் முனிகிருஷ்ணன் வந்து, தெருமுனையில் இருக்கும் இரும்பு மூடியைத் தூக்கி, ஆள் உயரச் சாவியை உள்ளே விட்டு வால்வைத் திறப்பான். ஒன்பதுக்கு மூடுவான். எல்லார் வீட்டிலும் தண்ணீர் தானாக வந்து தரைக்கடியில் இருக்கும் சம்ப்பில் விழவேண்டும். சம்ப்பிலிருந்து மொட்டை மாடித் தொட்டிக்கு ஏற்ற மட்டும்தான் மோட்டார். அதுதான் முறை.

கடைசி நான்கு வீட்டுக்காரர்கள், தண்ணீர் வராததற்குக் காரணம் முனிகிருஷ்ணன் வால்வைச் சரியாகத் திறக்காததுதான் என்று நம்பினார்கள். அதனால் அவனுக்கு முறை வைத்துக் காபி கொடுத்து, "இன்னும் ரெண்டு சுத்து சுத்துண்ணா" என்று கெஞ்சினார்கள். தமயந்தியும் கொடுத்திருக்கிறாள், பிஸ்கட்டோடு.

ஞாயிற்றுக்கிழமை அவன் வால்வைத் திறக்கும்போது பக்கத்தில் போய் நின்று எண்ணினாள். பதினேழு சுற்று. பதினெட்டாவது சுற்றுக்குச் சாவி நகரவில்லை.

"இதுக்கு மேல திறக்காதாண்ணா?"

"எப்பவும் முழுசாத்தாம்மா திறக்கறேன். நீங்க காபி குடுத்தாலும் பதினேழு, குடுக்காட்டியும் பதினேழு."

"அப்ப எதுக்கு வாங்கிக் குடிச்சீங்க?"

"நல்லா இருந்துச்சு, குடிச்சேன்." சிரித்தவன், குரலைத் தணித்தான். "திறந்து விடறதுதாம்மா என் வேலை. நடுவுல யாரு உறிஞ்சறான்னு என் வாயால வராது. நான் கான்ட்ராக்ட் ஆளு. இன்னிக்கு சொன்னா நாளைக்கு இந்தச் சாவி வேற ஒருத்தன் கையில இருக்கும்."

உறிஞ்சுவது. அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. தமயந்தி வீட்டுக்கு வந்து, பால் பாக்கெட் கவரை விரல் அகலத்துக்கு நீளமாக வெட்டி, திறந்திருந்த குழாயின் வாயருகே பிடித்தாள். முதல் ஐந்து நிமிடம் குழாயிலிருந்து காற்று வந்து, கவர் வெளியே பறந்தது. பிறகு நாக்கை இழுத்துக்கொள்வதுபோல் சடாரென்று குழாய்க்குள் போய் ஒட்டிக்கொண்டது. குழாய் தண்ணீர் தரவில்லை என்பது மட்டுமில்லை, இவள் வீட்டுக் காற்றையும் இழுத்துக்கொண்டிருந்தது.

கவியரசனைக் கூப்பிட்டுக் காட்டினாள். "யாரோ மெயின் லைன்லயே மோட்டார் போட்டிருக்காங்க. பந்தி பரிமாற வர்ற பாயச வாளியில மொத ஆளே ஸ்ட்ரா போட்டு உறிஞ்சற மாதிரி. கரண்ட் போனா ஸ்ட்ரா நின்னுடுது, நமக்கு வருது. இதுல இன்னொண்ணு இருக்கு. இப்படி இழுக்கறப்ப பைப்புல எங்க ஓட்டை இருந்தாலும் சாக்கடைத் தண்ணி உள்ள போகும். போன மாசம் பாப்பா நாலு நாள் வாந்தி எடுத்தாளே, எதனாலன்னு நெனச்சீங்க?"

கவியரசன் அந்தக் கவரையே பார்த்தான். அவனும் கணக்குப் போட்டுவிட்டான். தெருவின் முதல் கட்டடம் நான்கு மாடி பிஜி, அதாவது பேயிங் கெஸ்ட் விடுதி. அறுபது பேர் தங்குகிறார்கள். அதன் சொந்தக்காரி காந்தா ஆன்ட்டி. இவர்கள் குடியிருக்கும் வீட்டுக்கும் சொந்தக்காரி அவள்தான்.

"வேணாம் தமயந்தி. இப்பதான் பாப்பாவுக்கு ரெண்டு தெரு தள்ளி ஸ்கூல் கெடச்சிருக்கு. அந்தம்மா காலி பண்ணுன்னா எங்க போவோம்? பொழைக்க வந்த ஊர்ல நமக்கெதுக்கு வம்பு?"

"பொழைக்க வந்த ஊருன்னா தண்ணியில்லாம பொழைக்கணுமா?"

"டேங்கர் சொல்லிக்கலாம்."

"சொல்ல மாட்டேன். குழாய் இருக்கு, அதுல வரணும்."

திங்கட்கிழமை சாயங்காலம் வீடு வீடாகப் போனாள். பக்கத்து வீட்டில் தையல் மெஷின் போட்டிருக்கும் வனஜா, கன்னடத்திலும் தமிழிலும் ஒரே சரளத்தோடு சண்டை போடக்கூடிய எட்டாம் வீட்டு தேசிகன் என்று எல்லாரிடமும் ஒன்றையே சொன்னாள்: நாளைக் காலை ஏழு மணிக்கு ஒவ்வொரு வீடாக மோட்டாரை ஐந்து நிமிடம் நிறுத்திப் பார்ப்போம். சம்ப்பிலிருந்து ஏற்றுகிறவர்கள் நிறுத்தினால் தெருக் குழாயில் ஒரு மாற்றமும் இருக்காது. எந்த வீட்டில் நிறுத்தும்போது கடைசிக் குழாயில் தண்ணீர் வருகிறதோ, அந்த வீடு.

செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். கவியரசன் வேண்டா வெறுப்பாகத்தான் குழாயடியில் போனோடு உட்கார்ந்தான். தமயந்தி போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

"பத்தாம் வீடு ஆஃப். என்ன ஆச்சு?"

"கவர் உள்ளதான் ஒட்டியிருக்கு."

ஒன்பது, எட்டு, ஏழு. "அப்படியேதான் இருக்கு." தப்பித்த வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவரும் தெம்பாகி ஊர்வலத்தில் சேர்ந்துகொண்டார்கள். "என் வீடு இல்லன்னு நான் அப்பவே சொல்லலியா?" என்றார் தேசிகன், யாரும் கேட்காமலே. இரண்டாம் வீடு தாண்டியதும் பேச்சுச் சத்தம் அடங்கிவிட்டது. பிஜி வாசலில் கோலம் போட்டு முடித்த காந்தா, கையில் மாவோடு நிமிர்ந்தாள்.

"ஏனாயித்து, என்ன ஆச்சு? எல்லாரும் காலங்காத்தால ஊர்வலமா வந்து நிக்கறீங்க?"

"அஞ்சு நிமிஷம் மோட்டார் ஆஃப் பண்ணணும் ஆன்ட்டி. எல்லா வீட்லயும் பண்ணிட்டோம்."

"என் மோட்டார் சம்ப்ல இருந்து இழுக்குது. பசங்க குளிக்கற டைமு. ஹோகம்மா, போயி வேலையப் பாரு."

"சம்ப்ல இருந்துன்னா நிறுத்தினா ஒண்ணும் தெரியாது ஆன்ட்டி. நீங்க சொல்றது நெஜம்னு தெருவுக்கே தெரிஞ்சிடும்."

காந்தாவின் முகம் சிவந்தது. "என் வீட்ல குடியிருந்துகிட்டு என் வாசல்லயே வந்து கேள்வி கேக்கறியா?"

"உங்க வீட்ல குடியிருக்கறதாலதான் கேக்கறேன். தண்ணி வராம இருக்கறது உங்க வீட்டுக்குத்தான்."

பின்னால் வனஜா களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். தமயந்தி பிஜியின் படியில் கோலத்தை மிதிக்காமல் ஓரமாக உட்கார்ந்தாள். "நான் உங்க சுவிட்ச தொட மாட்டேன். நீங்கதான் நிறுத்தணும். அதுவரைக்கும் இங்கயே இருக்கேன். எனக்கு மத்தியான ஷிப்ட்தான்."

பிஜியிலிருந்து வேலைக்குக் கிளம்பிய பையன்கள் அவளைச் சுற்றிக்கொண்டு இறங்கினார்கள். ஒருவன் நின்று விசாரித்தான். தேசிகன் அவனுக்குக் கன்னடத்தில் விளக்கினார், தெருமுனை வரை கேட்கும்படி. கூட்டம் கூடியது. காந்தா தெருவை ஒருமுறை பார்த்தாள். பிறகு விடுவிடுவென்று உள்ளே போனாள். எங்கோ ஒரு சுவிட்ச் டக்கென்றது. அதுவரை யார் காதிலும் விழாமலிருந்த ஒரு ரீங்காரம் நின்றபோதுதான், இத்தனை நேரம் அது இருந்ததே எல்லாருக்கும் தெரிந்தது.

போனில் கவியரசனின் மூச்சு கேட்டது.

"கவர் வெளிய வந்துடுச்சு... காத்து வருது... தமயந்தி, வருது! தண்ணி வருது! பாப்பா, வாளி எடு!"

வாளியில் தண்ணீர் விழும் சத்தம் ஸ்பீக்கரில் தெருவுக்கே கேட்டது.

காந்தா வெளியே வந்தாள். "மாசக் கடைசிக்குள்ள வீட்டக் காலி பண்ணு."

"அக்ரிமென்ட் பதினோரு மாசத்துக்கு. மூணுதான் ஆகுது. பண்ண மாட்டேன்."

"பாக்கறேன், நீ எப்படி இங்க இருக்கேன்னு."

"பாருங்க."

காந்தா உள்ளே போனாள். அடுத்த நிமிடமே ரீங்காரம் திரும்பத் தொடங்கியது. போனில் தண்ணீர்ச் சத்தம் சுருங்கிச் சுருங்கி நின்றது.

"கம்ப்ளெய்ன்ட் குடுத்தாதான் நிக்கும்" என்றார் தேசிகன். "ஆனா பேரு, விலாசமெல்லாம் கேப்பாங்க." அவர் வனஜாவைப் பார்த்தார். வனஜா தன் செருப்பைப் பார்த்தாள். இரண்டாம் வீட்டுக்காரர் மணி பார்த்தார்.

கவியரசன் இன்னும் தொடர்பில்தான் இருந்தான். "என்னங்க, குடுக்கட்டுமா?" என்று கேட்டாள் தமயந்தி. மறுமுனையில் வாளியை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"குடு" என்றான். "என் பேரையும் சேத்துக் குடு."

அவள் அந்த அழைப்பைத் துண்டித்து, தண்ணீர் வாரியத்தின் புகார் எண்ணுக்கு அடித்தாள். காந்தாவின் ஜன்னல் திறந்திருந்தது. தமயந்தி படியை விட்டு எழவில்லை, ஸ்பீக்கரையும் அணைக்கவில்லை. தன் பேரைச் சொன்னாள், கணவன் பேரைச் சொன்னாள், பதினோராம் வீட்டின் கதவு எண்ணைச் சொன்னாள். எந்தக் கட்டடத்தில் மோட்டார் என்று கேட்டதற்கு, தலைக்கு மேலிருந்த பிஜியின் பெயர்ப் பலகையைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தாள்.

"ஓனரா மேடம், டெனன்டா?" என்றது மறுமுனை.

"டெனன்ட்தான்" என்றாள் தமயந்தி. "வாடகைக்கு இருக்கோம். இங்கதான் இருப்போம். எழுதிக்குங்க."