வாய்க்காலில் நட்ட செடிகள்

"புடுங்கினா கேஸு. போர்டுலயே எய்திக்கீது."

"அப்ப உங்க நைனா என்னதான் பண்ணுவாரு?"

"இன்னா பண்ணுவாரு? தண்ணி ஓடாத எடத்துல வலைய கட்டிக்கினு குந்தியிருப்பாரு. பாசி வரும். அத்த கொயம்பு வெச்சித் துன்னுவோம்."

1.

மேலே பாசிக் குழம்பு சொன்னவள் ரோஜா, கேட்டவள் நான். பழவேற்காடு ஏரிக்கரைப் பெண். கும்மிடிப்பூண்டியில் நாங்கள் இருவரும் ஒரே கம்பெனி. அவள் பேக்கிங்கில், நான் ஆபீஸில். நைனா என்பது அவள் அப்பா துலுக்காணம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் கற்பனையில் பிறக்கவில்லை. ஹெச்.ஆர். மேனேஜர் ஜனார்தனன் கேட்டார். கம்பெனி பஸ்ஸில் நான் மொழிபெயர்ப்பு நாவல்கள் படிப்பதை அவர் பார்த்திருக்கிறார்.

"நீதான் படிக்கிற பொண்ணாச்சே அமிர்தா. நாம நட்ட அலையாத்திச் செடியப் பத்திக் கதை மாதிரி எழுதிக் குடும்மா. அவார்டுக்கு அனுப்பணும். பாசிட்டிவ்வா இருக்கட்டும்."

2.

முதல் தொடக்கம்: 'பசுமை என்பது மனிதன் பூமிக்கு எழுதும்...' வேண்டாம். பூமிக்கு யாரும் எதுவும் எழுதவில்லை.

இரண்டாவது: 'உறைந்த ஆற்றின் மேல் ஒரு வண்டி...' இது போன வாரம் படித்த நாவல். பழவேற்காட்டில் ஆறு எங்கே உறைகிறது?

மூன்றாவது: 'சில வருடங்களுக்கு முன் ஒரு காலை, ஒரே நிறத்தில் கம்பெனி டீ-ஷர்ட்டும் தொப்பியும் போட்டவர்கள் வாய்க்காலில் இறங்கிச் செடி நட்டார்கள்.' இதை அடிக்க முடியவில்லை. இது நடந்தது. ஏன் அந்த வாய்க்கால்? கார் நிற்கும் இடத்திலிருந்து அதுதான் பக்கம்.

அந்த வாய்க்கால் வழியாகத்தான் ஏரியில் ஏறிய தண்ணீர் வற்றும்போது கடலுக்கு ஓடும். இறால் அந்த ஓட்டத்தோடு போகும். குறுக்கே வலை கட்டினால் விழும். இப்படி வலை கட்டும் இடத்துக்குப் 'பாடு' என்று பெயர். எந்தப் பாடு யாருக்கு என்று ஊரில் சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். இந்த மழைக்காலம் அந்தப் பாடு துலுக்காணத்துக்கு. விட்டால், அவர் முறை திரும்பி வரப் பல மாதங்கள் ஆகும்.

(* ஒரு அடிக்குறிப்பு. அலையாத்தி நல்ல செடி. கரையில் நட்டிருந்தால் புயலைத் தாங்கும், இறால் குஞ்சுக்கு இடம் கொடுக்கும். வாய்க்காலுக்குள் நட்டால் தண்ணீர் தண்டிலும் வேரிலும் முட்டித் தளர்கிறது. ஓடும் தண்ணீர் சுமந்து வந்த சேற்றைத் தளர்ந்த தண்ணீர் இறக்கி வைத்துவிடுகிறது. சேறு மேடாகிறது, மேட்டில் செடி பரவுகிறது, செடி இன்னும் சேற்றைப் பிடிக்கிறது. துலுக்காணத்தின் இடுப்பளவு இருந்த தண்ணீர் இப்போது கணுக்காலை நனைக்கிறது. செடி தன் வேலையைத்தான் செய்தது. "கிட்டத்தட்ட எல்லாச் செடியும் பிழைத்துவிட்டது" என்பதற்காகத்தான் கம்பெனி அவார்டு கேட்கிறது!)

3.

ஜனார்தனனை வில்லனாக்கிப் பார்த்தேன். ஒரு மீசை வைத்து முறுக்க விட்டேன். ஒட்டவில்லை. நிஜத்தில் அவருக்கு மீசையே கிடையாது. பிறந்தநாளுக்கு எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுக்கிறவர். அதனால் அவர் பேசியதை அப்படியே வைக்கிறேன்.

"சார், செடி நட்ட இடம் ஒரு பாடு."

"பாடுன்னா?"

"ரோஜாவோட அப்பா வலை கட்டுற இடம். மேடாயிடுச்சு."

"ஏரி எவ்ளோ பெருசு! கொஞ்சம் தள்ளிக் கட்டச் சொல்லும்மா."

கொஞ்சம் தள்ளி! தள்ளினால் அது அடுத்தவர் பாடு. ஆபீஸ் வாசலில் இவர் பெயர் எழுதிய பார்க்கிங்கில் யாராவது ஸ்கூட்டரை நிறுத்தினால், கொஞ்சம் தள்ளிப் போவாரா? ஒரு ஊர் சண்டை வராமல் தண்ணீரைப் பங்கிட்டு வைத்திருக்கிறது. ஊரைக் கேட்காமலே ஒரு காலையில் வாய்க்காலை மூடிவிட்டு, மேலே போர்டு வைத்து, தொட்டால் சட்டம் பாயும் என்கிறார்கள்.

(இது கதையில்லை, கோபம் என்று நீங்கள் சொல்லலாம். இந்த வரிகளை அடிக்க மாட்டேன்.)

4.

முடிவுகள் மூன்று எழுதினேன். கேன்டீனில் ரோஜாவுக்குப் படித்துக் காட்டினேன்.

ஒன்று: வெள்ளம் வந்து செடிகளை அடித்துப் போகிறது.

"செடிய மட்டும் பாத்து அட்ச்சிக்கினு போவுமா? எங்க ஊட்ட இன்னா பண்ணும்?"

இரண்டு: ஊர்க்கூட்டம் துலுக்காணத்துக்கு வேறு பாடு கொடுக்கிறது.

"யார்து? அடுத்த பாடு அப்பாவு மாமாதுதான? அவங்க ஊட்ல உல கொதிக்க வாணாவா?"

மூன்று: கம்பெனி மன்னிப்புக் கேட்டு வாய்க்காலைத் திறந்துவிடுகிறது.

ரோஜாவுக்குப் புரையேறிவிட்டது. "யக்கா, சாம்பார்ல பருப்பு போடுங்கன்னு எத்தினி மாசமா கத்திக்கினுகீறோம்? அதுக்கே வாய தொறக்கல. மன்னிப்பாம்!"

நான்காவது முடிவு என்னிடம் இல்லை. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள் என்று இங்கே நிறுத்தத்தான் நினைத்திருந்தேன். நான் படிக்கும் நாவல்களில் அப்படிச் செய்தால் அழகாக இருக்கும்.

ரோஜா என் தாள்களை மடித்து, தட்டுக்கு அடியில் செருகினாள்.

"ஞாயித்துக்கெயம படவு எடுக்கிறோம். மொத்தத்தையும் புடுங்க வாணாம். நடுவுல ஒரு ஆளு பூந்து போற அளவு எடுத்துட்டா போதும், மிச்சத்த தண்ணியே அறுத்துக்கினு ஓடும்."

"கேஸு?"

"வரும். உனுக்கு வேலயும் போவும், எனுக்கும் போவும். நைனாவுக்கு முட்டி வலி, சேத்துல காலூனி இய்க்க முடியாது. நான் ஒருத்தி இய்த்தா வேரு வராது. கூட ஒரு ஆளு வேணும். வர்றியாக்கா?"